ஈறில் ரத்தம்: ஒரு மாணவியின் கேள்வியும் தலைப்பிரட்டையின் வாலும்

எட்டாம் வகுப்பில் ‘நுண்ணுயிரிகள்’ பாடம். வாயில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, வழக்கமான அறிவுரைக்கு வந்திருந்தேன். காலையிலும் இரவிலும் பல் துலக்க வேண்டும், துலக்காவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் பல் விழும் என்று சொல்லி முடித்தபோது மூன்றாவது வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள்.

“டீச்சர், எங்க அப்பாயி வேப்பங்குச்சிதான். அதுவும் நெனச்சாத்தான். அவங்க இந்த வயசுலயும் முறுக்கு கடிக்கிறாங்க. எங்கம்மா பிரஷ், பேஸ்ட் எல்லாம் போட்டுத்தான் தேய்க்கிறாங்க. அவங்களுக்கு முன்பல்லு ரெண்டும் ஆடுது. முப்பத்தெட்டு வயசுதான் ஆவுது. ஏன் டீச்சர்?”

“அது அவங்கவங்க உடல்வாகும்மா” என்றேன். மணி அடித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அது பதில் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கேள்வி என்னைக் குத்தியதற்குக் காரணம் உண்டு. என் அம்மா நடவுக்குப் போனவர். ஐம்பது வயதுக்குள் அவருக்கு ஒரு பல்கூட இல்லை. “வயசானா கொட்டத்தானே செய்யும்” என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். விலங்கியல் படித்து, பி.எட். முடித்து, அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டதில்லை. இப்போது எனக்கு 44. இரண்டு வருடமாகவே பல் துலக்கித் துப்பும்போது நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. பேஸ்ட்டை மாற்றினேன், பிரஷ்ஷை மாற்றினேன், கடைசியில் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

மாணவியின் கேள்விக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். பயிற்சி மருத்துவர் ஒருவர், மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி எண்களைச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார். “மூணு, ரெண்டு, மூணு… அஞ்சு, நாலு, அஞ்சு.” ஒன்று முதல் மூன்று வரை இயல்பு என்றும், நாலுக்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை போலாகிவிட்டது என்றும் பிறகு விளக்கினார். என் மாணவியின் கேள்வியை அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “இதுக்குப் பதில் சொன்னதே நம்ம ஆளுங்கதான் மேடம். இலங்கை தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க” என்றார். அங்கிருந்து தொடங்கிய தேடல்தான் இக்கட்டுரை.

மலையகத்தில் 15 ஆண்டுகள்

1970-இல் ஹரால்டு லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளரும் அவரது குழுவினரும் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். அங்கு வேலை செய்த தமிழ் ஆண் தொழிலாளர்கள் 480 பேரின் வாயைச் சோதித்து, பல் பல்லாக எழுதி வைத்தார்கள். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களைச் சோதித்தார்கள். கடைசிச் சோதனைக்குக் கிடைத்தவர்கள் 161 பேர். இவர்கள் பிரஷ், பேஸ்ட் பயன்படுத்தாதவர்கள். பல் மருத்துவர் கைக்கெட்டாத தொலைவில் வாழ்ந்தவர்கள். மற்றபடி உழைத்து உரமேறிய, ஆரோக்கியமான உடல்கள். பற்சொத்தை ஏறத்தாழ இல்லவே இல்லை. ஆனால் பல்லில் படிவமும் பற்காரையும் எல்லோருக்கும் இருந்தன. ஈறு வீக்கமும் ஏறக்குறைய எல்லோருக்கும் இருந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரே மாதிரி பல் விழுந்திருக்க வேண்டும் அல்லவா? விழவில்லை. 1986-இல் வெளியான கட்டுரையில் அவர்கள் மூன்று பிரிவாகப் பிரிந்து நின்றார்கள். 8 சதவீதத்தினருக்கு நோய் பாய்ந்து சென்றது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக நகர்ந்தது. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, பல்லின் பிடிமானத்தைத் தொடவே இல்லை. 35 வயதில் முதல் பிரிவினர் சராசரியாக 9 மி.மீ. பிடிமானத்தை இழந்திருந்தார்கள். நடுப்பிரிவினர் இழந்தது 4 மி.மீ. மூன்றாம் பிரிவினருக்கு ஒரு மி.மீ.கூட இல்லை. 45 வயதில் முதல் பிரிவினரின் இழப்பு 13 மி.மீ. பெரும்பாலான பற்களின் வேர் நீளமே அதையொட்டித்தான் இருக்கும். அதாவது பிடித்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. அந்த வயதில் அவர்கள் வாயில் பல்லும் இல்லை. அதே தோட்டத்தில், அதே லயன் வீடுகளில், அதே சோற்றைத் தின்ற பதினொரு சதவீதத்தினருக்கு ஏறக்குறைய எல்லாப் பற்களும் இருந்தன.

என் மாணவியின் அப்பாயி இந்தக் கடைசிப் பிரிவு. அவள் அம்மா எந்தப் பிரிவு என்று வெறும் பார்வையால் சொல்ல முடியாது. என் அம்மா முதல் பிரிவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இதைப் படித்தபோது ஒன்று உறுத்தியது, அதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவம் கிடைக்காத ஏழைகளாக அவர்கள் இருந்ததுதான் அந்த ஆய்வையே சாத்தியமாக்கியது. நம் ஊர்களிலிருந்து பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். உலகம் முழுவதும் பல் மருத்துவ மாணவர்கள் இன்று படிக்கும் அந்த வளைகோடுகள் அவர்களுடைய பற்களைக் கொண்டு வரையப்பட்டவை. இந்தப் பாடத்தை நடத்தும்போது பிள்ளைகளிடம் அதையும் சொல்வது நியாயம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் பல் துலக்குவது வீண்தானே என்று ஒரு மாணவன் கேட்பான். என் வகுப்பில் கேட்டான். அவனுக்கும் இதே லோவிடம் பதில் இருக்கிறது. மலையகத்தோடு ஒப்பிடுவதற்காக அவர் குழு, நன்றாகப் பல் துலக்கி ஒழுங்காக மருத்துவரிடம் போன ஓஸ்லோ நகர மாணவர்களையும் கல்வியாளர்களையும் கண்காணித்தது. நாற்பதை நெருங்கும்போது அவர்களுடைய சராசரி இழப்பு ஒன்றரை மி.மீ.க்குச் சற்று மேல். மலையகத்தில் அதே வயதில் நாலரை மி.மீ. அதற்கும் முன்பு, 1965-இல், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை நடந்தது. (டென்மார்க் என்றால் எங்கள் தரங்கம்பாடிப் பிள்ளைகளுக்கு உடனே டேனிஷ் கோட்டை நினைவுக்கு வந்துவிடும். “1620-ல கோட்டை கட்டுனவங்களா டீச்சர்?” என்றார்கள். அவர்கள் நாடேதான்.) ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேர், பெரும்பாலும் மாணவர்கள், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது.

ஆக, அழுக்கு சேர்ந்தால் ஈறு வீங்குவது எல்லோருக்கும் பொது. அந்த வீக்கம் ஈறோடு நிற்குமா, எலும்பு வரை இறங்குமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். அந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறிய முடியுமா என்பதுதான் இன்றைய கேள்வி.

கம்பி சொல்லாதது

எங்கள் ஊர்க் கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. பாண்டியர் காலக் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதன் எதிரே நிற்கும் எவரும் கடல் எவ்வளவு தின்றது என்று பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் இந்த ஆண்டு தின்கிறதா, அல்லது சும்மா இருக்கிறதா? அதைக் கோயிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. மணலையும் அலையையும் அளக்க வேண்டும்.

பல் மருத்துவரின் அளவுக் கம்பியும் எக்ஸ்ரேயும் அப்படித்தான். எவ்வளவு எலும்பு போய்விட்டது என்று துல்லியமாகச் சொல்லும். ஐந்து மி.மீ. பை என்றால் அது ஐந்து ஆண்டுகளுக்கு முன் உண்டாகி அப்படியே அடங்கிக் கிடக்கலாம், போன மாதம் உண்டாகி இன்றும் ஆழமாகிக்கொண்டிருக்கலாம். கம்பிக்கு இரண்டும் ஒன்றே. நோய் இப்போது நகர்கிறதா என்பதை அறிய, நகரும்போது உடல் வெளியிடும் பொருள்களைத் தேட வேண்டியிருக்கிறது. அவற்றைத்தான் உயிர்க்குறிப்பான்கள் என்கிறோம். இதில் புதுமை ஒன்றும் இல்லை. சர்க்கரை நோய்க்கு ரத்தத்தில் பார்க்கும் ஹெச்பிஏ1சி ஒரு உயிர்க்குறிப்பான். கர்ப்பத்தை அறியும் அட்டை சிறுநீரில் தேடுவதும் அத்தகைய ஒன்றைத்தான்.

ஈறு நோயில் தேடப்படும் பொருள் எது என்று அறிய, நாம் சென்னைக்கும் பிறகு வயலுக்கும் போக வேண்டும்.

பல் எலும்பில் ஆணி போல அடிக்கப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள் கட்டிலின் கயிறு போல இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த நார்கள் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. கொலாஜனின் வடிவத்தைக் கண்டு சொன்னவர் நம் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன். 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று இழைகள் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு அது என்று நேச்சர் இதழில் எழுதினார். அடுத்த ஆண்டே, அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட சுருள் என்று திருத்தினார். சடை பின்னுவதை உதாரணமாகக் காட்டினால் மாணவிகளுக்கு உடனே புரிந்துவிடுகிறது. மூன்று புரி முறுக்கிய கயிறு எளிதில் அறுபடாது. கொலாஜனும் அப்படித்தான், சாதாரண நொதிகள் எதுவும் அதை எளிதில் வெட்ட முடியாது.

அப்படியென்றால் தலைப்பிரட்டையின் வால் எப்படிக் காணாமல் போகிறது? சம்பா நடவு முடிந்து மழை பிடித்தால் நம் வயல் முழுவதும் தலைப்பிரட்டைகள்தான். அவை தவளையாகும்போது வால் அறுந்து விழுவதில்லை. இருந்த இடத்திலேயே கரைந்துபோகிறது. வாலில் கொலாஜன் இருக்கிறதே, அதை யார் கரைத்தது? 1962-இல் ஜெரோம் குரோஸ், சார்லஸ் லாப்பியேர் என்ற இருவர் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். கொலாஜனால் செய்த வெண்மையான கூழ்ப்படலத்தின் மேல் தலைப்பிரட்டை வாலின் துண்டுகளை உயிரோடு வைத்தார்கள். துண்டைச் சுற்றிக் கூழ் கரைந்து தெளிந்தது. கொலாஜனை வெட்டும் நொதி அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் குடும்பத்தில் இன்று இருபதுக்கும் மேற்பட்ட நொதிகள் தெரியும். அதில் எட்டாம் எண் கொண்டது எம்எம்பி-8. அதுதான் நம் கதையின் முக்கியப் பாத்திரம்.

எம்எம்பி-8 நம் வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்களின் உள்ளே சிறு பொட்டலங்களில் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஈறின் ஓரத்தில் பாக்டீரியா சேர்ந்ததும் நியூட்ரோஃபில்கள் ரத்தக் குழாயை விட்டு வெளியேறி அங்கு ஓடுகின்றன. திசுக்களிடையே வழி உண்டாக்கவும் கிருமியோடு போராடவும் பொட்டலங்களை அவிழ்க்கின்றன. பாக்டீரியா கொஞ்சம், போர் கொஞ்ச நாள் என்றால் பாதகமில்லை. போர் மாதக்கணக்கில் நீண்டால், பல்லைப் பிடித்திருக்கும் கயிறுகளே வெட்டுப்படுகின்றன. “அப்ப பல்ல புடுங்கறது கிருமி இல்லையா டீச்சர், நம்ம ஒடம்பேவா?” என்று கேட்டாள் அதே மாணவி. தொடங்கி வைப்பது கிருமி, பெரும்பகுதி சேதத்தைச் செய்வது நம் உடலின் பதில் நடவடிக்கை என்று சொன்னேன். பாடநூலில் இதைச் சொல்ல இடம் இல்லை. ஆனால் எட்டாம் வகுப்புக்கு இது புரியாது என்று நாம் நினைக்கத் தேவையில்லை.

எச்சிலில் தேடுவது

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் எப்போதும் துளியினும் துளியாக ஒரு திரவம் கசிகிறது. மெல்லிய தாள் பட்டையைச் செருகி அதை உறிஞ்சி எடுத்து ஆராய்வார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாகச் செய்தியைச் சொல்லும் என்பது இதன் பலம். எடுக்கும் சிரமம் இதன் குறை. எச்சில் எல்லாப் பற்களின் திரவத்தையும் கலந்து வைத்திருக்கும் பொதுக் குளம் போன்றது. எடுப்பது எளிது, எந்தப் பல் என்று தெரியாது.

இவற்றில் எம்எம்பி-8 தவிர வேறு பொருள்களையும் தேடுகிறார்கள். இன்டர்லூக்கின்-1 பீட்டா என்பது வெள்ளையணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் அபாயச் செய்தி. எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுவதில் அதற்குப் பங்கு உண்டு. எனவே அது கூடினால் எலும்புக்கு ஆபத்து நெருங்குகிறது என்று கொள்ளலாம். ரத்தத்தில் பார்க்கும் சிஆர்பியை நம்மில் பலர் கொரோனா காலத்தில் ஆய்வக அறிக்கைகளில் பார்த்திருப்போம். உடலில் எங்கு அழற்சி இருந்தாலும் கல்லீரல் அதைச் சுரக்கும். ஈறு நோயிலும் அது ஓரளவு உயர்கிறது. ஆனால் காலில் புண் இருந்தாலும் உயரும் என்பதால் சிஆர்பியை மட்டும் வைத்து ஈறைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் டிமோ சோர்சாவின் குழு, செயல்படும் நிலையிலுள்ள எம்எம்பி-8-ஐ மட்டும் காட்டும் அட்டைச் சோதனை ஒன்றை வளர்த்தெடுத்தது. நீரால் வாய் கொப்பளித்துத் துப்பியதில் சில துளிகளை அட்டையில் விட்டால் ஐந்து நிமிடத்தில் கோடு தெரியும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் என்றால் இரண்டு கோடுகள். கொரோனா அட்டையைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அப்படியானால் இதை எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைத்துவிடலாமே? நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன். மருத்துவர் என் ஆர்வத்தைச் சற்று அடக்கினார். வெறும் ஈறு வீக்கத்திலும் இந்தப் பொருள்கள் ஓரளவு கூடும். எந்த ஒரு பொருளும் தனியாக நின்று ‘இவருக்குப் பல் விழும்’ என்று உறுதியாகச் சொல்லிவிடாது. 2017-இல் உலக நாடுகளின் வல்லுநர்கள் கூடி விவாதித்து 2018-இல் வெளியிட்ட ஈறு நோய் வகைப்பாட்டில் நான்கு நிலைகளும், நோயின் வேகத்துக்கு ஏ, பி, சி என மூன்று தரங்களும் உண்டு. தரத்துக்கான அட்டவணையில் எச்சில், ஈறுத் திரவம், ரத்தம் ஆகியவற்றின் குறிப்பான்களுக்கென்றே ஒரு வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வரிசையின் கட்டங்களில் எண்கள் இல்லை, கேள்விக்குறிகள் இருக்கின்றன. அறிவியல் ஆசிரியராக எனக்கு மிகவும் பிடித்த அட்டவணை அது. கரும்பலகையில் வரைந்து, “இந்தக் கட்டத்தை நிரப்பப் போறவங்க இப்ப எந்த வகுப்புல படிக்கிறாங்கன்னு தெரியல” என்றேன். கொஞ்சம் மிகைதான். ஆனால் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதே அட்டவணையில் எண்களோடு நிரம்பியிருக்கும் கட்டங்கள் இரண்டு உண்டு. ஒன்று புகை: நாளுக்கு 10 சிகரெட் அல்லது அதற்கு மேல் என்றால் நோய் வேகமான ‘சி’ தரத்துக்குத் தள்ளப்படும். மற்றது சர்க்கரை: நீரிழிவு உள்ளவரின் ஹெச்பிஏ1சி 7 சதவீதத்தைத் தொட்டாலும் அப்படியே. சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. கட்டுப்படாத சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது, கெட்ட ஈறு சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கிறது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று, நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 புள்ளி வரை குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

மிகவும் மலிவான குறிப்பான்

இவ்வளவும் படித்த பிறகு, துப்பிய நுரையில் நான் பார்க்க மறுத்த இளஞ்சிவப்புக்கே திரும்ப வந்தேன். ரத்தக்கசிவும் ஒரு குறிப்பான்தான். செலவே இல்லாதது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நிக்லாஸ் லாங் என்பவர், சிகிச்சை முடிந்தவர்களைத் தொடர்ந்து வரவழைத்து, கம்பி பட்டதும் ரத்தம் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் குறித்தார். தொடர்ந்து நான்கு முறையும் ரத்தம் கசிந்த இடங்களில்கூடப் பத்தில் மூன்று இடங்களில்தான் பிடிமானம் மேலும் குறைந்தது. ஒரு முறையும் கசியாத இடங்களிலோ நூற்றில் ஒன்றிரண்டு மட்டுமே கெட்டன. அதாவது, ரத்தம் வந்தால் பல் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ரத்தம் வராமலிருந்தால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். ஒரே விலக்கு, புகைப்பவர்கள். புகையிலை ஈறின் கசிவை மறைத்துவிடுவதால் அவர்கள் ஈறு வெளியே அமைதியாகவும் உள்ளே கெட்டும் இருக்கும்.

வகுப்பில் இதை வைத்து இரண்டு செயல்பாடுகள் செய்தேன். ஒன்று வானவில் மன்றத்தில். ஒவ்வொருவரும் பச்சை பீட்ரூட் துண்டு ஒன்றை ஒரு நிமிடம் மென்று, ஒரு முறை மட்டும் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்ப்பது. பல்லின் வெள்ளையான பரப்பைவிட ஈறின் ஓரத்தில் நிறம் அழுத்தமாகப் பிடித்திருக்கும். படிவம் இருக்குமிடம் அது. பிறகு துலக்கிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஆளுக்கொரு டம்ளர், ஆளுக்கொரு பிரஷ் கட்டாயம். சட்டையில் கறை பட்டதற்கு மறுநாள் இரண்டு அம்மாக்களிடம் நான் பேச்சு வாங்கினேன். பழைய துணி ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, ஒரு வார நுரைக் குறிப்பேடு. இரவு துலக்கித் துப்பிய நுரையின் நிறத்தை வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு என்று அவரவர் நோட்டில் எழுதுவது. அதை நான் வாங்கிப் பார்க்கவில்லை, வகுப்பில் கேட்கவும் இல்லை. வாய் நாற்றம், கறைப் பல் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வது எவ்வளவு எளிது என்று நமக்குத் தெரியும். ஆசிரியர் யாருடைய வாயையும் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டாம். அதற்கு நம் பள்ளிக்கு வரும் ஆர்பிஎஸ்கே மருத்துவக் குழு இருக்கிறது. வெட்கப்படும் பிள்ளையின் பெயரை அவர்களிடம் தனியாகச் சொன்னால் போதும்.

ரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு. என் வகுப்பில் நான்கு பேர் அப்படிச் செய்ததாகப் பிறகு தாங்களாகவே சொன்னார்கள். நிறுத்தினால் கசிவு கூடும். மென்மையான பிரஷ்ஷால் தொடர வேண்டும். இந்த வயதில் வருவது பெரும்பாலும் ஆர்ஹூஸ் மாணவர்களுக்கு வந்தது போன்ற, திரும்பிவிடக்கூடிய வீக்கம்தான். ஆனால் காய்ச்சலோடு திடீரென ஈறில் ரத்தம், தோலில் காரணமில்லாத சிவப்புப் புள்ளி, கன்றிய தடம் என்று வந்தால் அது பல் விஷயமே அல்ல. டெங்கு முதலியவற்றில் அப்படி வரும். மழைக்காலத்தில் நம் டெல்டாப் பள்ளிகளில் இதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மாணவியின் அம்மாவைப் பெற்றோர் கூட்டத்தில் சந்தித்தேன். பல்லைப் பற்றி எடுத்ததும் கை தானாக வாயை மூடிக்கொண்டது. “சர்க்கரை பாத்திருக்கீங்களாக்கா?” என்றேன். “எனக்கெதுக்கு டீச்சர், நான் என்ன வயசானவளா?” என்றார். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் ஊழியர் வந்தபோது அவர் மாமியாருக்கு மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த முறை இவர் கையையும் நீட்டச் சொன்னேன். நீட்டினார். சர்க்கரை கூடுதலாக இருந்தது. மாத்திரை தொடங்கி, ஈறைச் சுத்தம் செய்த பிறகு, ஆடிய இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. மற்றது இப்போதைக்கு நிற்கிறது.

எனக்கு ஹெச்பிஏ1சி சரியாகவே இருந்தது. ஆறு இடங்களில் ஐந்து மி.மீ. பை. ஈறுக்குக் கீழே சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். மூன்று மாதம் கழித்து அளந்தபோது நான்கு இடங்கள் மூன்றுக்கு இறங்கியிருந்தன. இரண்டு இடங்களில் இன்னும் கம்பி பட்டால் கசிகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிதம்பரம் போகிறேன்.

பருவமழை விட்டிருந்த ஒரு மதியம், பள்ளிக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் தலைப்பிரட்டைகளைப் பார்க்க வகுப்பைக் கூட்டிப்போனேன். பிடிக்க வேண்டாம், பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். பின்னங்கால் முளைத்து, வால் பாதியாகச் சுருங்கிய ஒன்றை அதே மாணவிதான் முதலில் கண்டுபிடித்தாள். வெகு நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தாள்.

“டீச்சர், வாலைக் கரைக்கச் சொல்லி அதுக்கு யார் சொல்றாங்க? இன்னைக்குத்தான் கரைக்கணும்னு எப்படித் தெரியும்?”

தைராய்டு சுரப்பியை மறுநாள் பாடவேளையில் எடுத்தேன்.